‘நான்’ என எழுதியவர் யார்?

சமயங்களின் தோற்றத்தை வரலாற்று நெறிநின்று ஆராய விழைவோர்க்கு மோர்மன் சமயம் தருகின்ற வாய்ப்பினைப் பிற சமயங்கள் எளிதில் தருவதில்லை. ஏனைய பெருஞ் சமயங்களின் தொடக்கம் பற்றிய செய்திகள் நெடுங்காலம் வாய்மொழியாக வழங்கிப் பின்னரே எழுத்துருப் பெற்றவை. மோர்மன் சமயமோ அச்சியந்திரமும் செய்தித்தாளும் நீதிமன்றப் பதிவேடும் நிலவிய சூழலிற் பிறந்தது. அதன் நிறுவுநரான ஜோசப் ஸ்மித் 1805 இல் வெர்மொன்ற் மாநிலத்தில் உழவர் குடும்பமொன்றிற் பிறந்து, நியூயோர்க் மாநிலத்துப் பல்மைரா என்னும் ஊரின் அயலில் வளர்ந்தவர். பொன்னேடுகளிலிருந்து தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாக அவர் கூறிய ‘மோர்மன் நூல்’ 1830 மார்ச்சில் அவ்வூர் அச்சுக்கூடத்திலேயே அச்சாகி விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6 ஆம் திகதி திருச்சபை நிறுவப்பட்டது. பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1844 ஜூன் 27 இல், இலினோய் மாநிலத்துக் காதேஜ் சிறைச்சாலையில் வன்முறைக் கும்பலொன்றினால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. இவ்வளவு அண்மைக்காலத்து வரலாறு. இத்துணை எழுத்துச் சான்றுகள். இங்கு ஐயத்துக்கு இடமேது என்றே நான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எவ்வாறு குலைந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணவி ஒருவர் தமது இறுதியாண்டு ஆய்வேட்டின் வரைவினை என்னிடம் தந்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுந்த புதிய சமய இயக்கங்கள் பற்றியது அது. போலித் தகடுகள் சிலவற்றைக் கொண்டு ஜோசப் ஸ்மித் சோதிக்கப்பட்ட கதை அதில் ஓரிடத்தில் வந்தது. அதற்குச் சான்றாக ஸ்மித்தின் சொந்தக் கூற்றெனக் கொள்ளப்பட்ட மேற்கோளொன்று எடுத்தாளப்பட்டிருந்தது. அடிக்குறிப்பிலே, ‘திருச்சபை வரலாறு, தொகுதி 5, பக்கம் 327’ என்றிருந்தது. அதே மேற்கோளைச் சில ஆண்டுகளுக்கு முன் கருத்தரங்கொன்றிற் படித்த கட்டுரையில் நானும் ஆண்டிருந்தேன். என் பிரதியை எடுத்துப் பார்த்தேன், அங்கும் 327. மூலநூலைத் தேடி அப்பக்கத்தைப் புரட்டினால் அங்கே அச்செய்தியே இல்லை. அது இருந்தது 372 ஆம் பக்கத்தில். தட்டெழுதும்போது இலக்கங்களை இடம் மாற்றியவன் நானே.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் நன்கறிந்த செய்தியொன்றுண்டு. ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படும் இரு சுவடிகளை இரு சான்றுகளாகக் கொள்ளுதல் கூடாது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கும், அல்லது இரண்டும் ஒரே தாய்ச்சுவடியின் வழிவந்திருக்கும். மாணவி மூலநூலைப் பார்க்கவில்லை என்பது அந்த மூன்று இலக்கங்களாலே வெளிப்பட்டுவிட்டது. அதனினும் வெளிப்படையான மற்றொன்றை ஒப்புக்கொள்ளத்தான் எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அன்றுவரை நானும் அந்த மூலநூலைத் திறந்து பார்த்தவனல்லன். வேறொருவரது நூலிலிருந்து மேற்கோளையும் பக்க இலக்கத்தையும் ஒருங்கே பெயர்த்தெடுத்து, இடையில் நின்ற நூலின் பெயரைச் சொல்லாது விடுத்து, மூலத்தை நேரிற் கண்டவன் போலவே எழுதியிருந்தேன். நம்மிடையே இது அரிதான குற்றமன்று. அதனாலேயே இதுகாறும் இது என் மனத்தை உறுத்தவில்லை போலும்.

மேற்கோளின் பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். 1843 ஏப்ரலில் இலினோய் மாநிலத்துக் கிண்டர்ஹுக் என்னும் சிற்றூரில் மண்மேடொன்றை அகழ்ந்தபோது, மனித எலும்புகளுடன் மணியின் வடிவிலமைந்த ஆறு சிறிய பித்தளைத் தகடுகள் வெளிப்பட்டன. அவற்றின் இருபுறத்தும் எவரும் வாசித்தறியாத எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பொன்னேடுகளை மொழிபெயர்த்தவர் அண்மையிலேயே நோவூ நகரில் வாழ்ந்தாராதலின் தகடுகள் அவரிடம் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றின் ஒரு பகுதியை நான் மொழிபெயர்த்துள்ளேன். அவை உடன்கிடந்த மனிதனின் வரலாற்றைக் கூறுகின்றன. அவன் எகிப்திய மன்னன் பார்வோனின் வழியாகக் காமின் மரபில் வந்தவன் என்னும் பொருள்பட, ‘திருச்சபை வரலாறு’ ஸ்மித்தின் வாய்மொழியாகவே கூறுகின்றது.

தகடுகளோ போலியானவை. 1879 இல் வில்பர் பியூகேற் என்பவர், தாமும் வேறிருவரும் சேர்ந்து ஊரவரை ஏமாற்றும் பொருட்டு அவற்றைச் செய்து புதைத்து வைத்ததாகவும், எழுத்துக்களை அமிலத்தினால் அரித்துப் பொறித்ததாகவும் கடிதமொன்றில் எழுதினார். ஆறனுள் இன்று எஞ்சியிருப்பது சிக்காகோவிலுள்ள ஒன்றே. அதனை 1980 இல் நுண்காட்டியின் உதவிகொண்டு ஆராய்ந்தபோது, அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பித்தளை என்பதும் எழுத்துக்கள் அமிலத்தினால் அரிக்கப்பட்டவை என்பதும் உறுதியாயின. அம்முடிவினை மோர்மன் திருச்சபையின் சஞ்சிகையே 1981 இல் வெளியிட்டது. ஆகவே என் கட்டுரையில் நான் எழுதியது எளிமையான வாதம். தகடுகள் போலி, அவற்றை மொழிபெயர்த்தேன் என்று அவரே சொல்கின்றார், தம் வாயாலேயே அகப்பட்டுக்கொண்டார். கருத்தரங்கில் அந்த இடத்திற் சிலர் சிரித்தனர் என்பதும் நினைவிருக்கின்றது.

372 ஆம் பக்கத்தைக் கண்டுபிடித்ததும் முதலில் எனக்கு ஆறுதலே தோன்றியது. பக்க இலக்கந்தான் பிழை, மேற்கோள் எழுத்துக்கெழுத்துச் சரி என்று அமைந்திருக்கலாம். ஆனால் ஒருமுறை நாணியவனுக்கு அடுத்த கதவையும் தட்டிப்பார்க்க வேண்டுமென்ற எண்ணம் வந்துவிடுகின்றது. இந்த நூல் எவ்வாறு உருவாயிற்று என்று தேடத் தொடங்கினேன்.

‘திருச்சபை வரலாறு’ ஜோசப் ஸ்மித் தம் கைப்பட எழுதியதன்று. அவர் 1838 இல் எழுத்தர்களைக்கொண்டு எழுதுவிக்கத் தொடங்கிய வரலாறு, அவர் கொலையுண்டபோது 1838 ஓகஸ்ட் வரையிலான நிகழ்ச்சிகளையே எட்டியிருந்தது. எஞ்சிய ஆறாண்டுகளின் வரலாற்றை அவர் இறந்த பின்னர் வில்லர்ட் றிச்சர்ட்ஸ், ஜோர்ஜ் ஏ. ஸ்மித் முதலியோர் தொகுத்து 1856 இல் நிறைவு செய்தனர். அவர்களிடம் ஸ்மித்தின் செயலாளர்கள் வைத்த நாட்குறிப்புக்கள் இருந்தன; பிறர் எழுதிய நாட்குறிப்புக்களும் கடிதங்களும் செய்தித்தாட் பகுதிகளும் இருந்தன. தொடக்கம் தன்மையிடத்தில் எழுதப்பட்டிருந்தமையால், தொடர்ச்சியும் அவ்வாறே அமைதல் வேண்டுமெனக் கருதி, படர்க்கையில் இருந்தவற்றைத் தன்மைக்கு மாற்றினர். ‘தீர்க்கதரிசி இவ்வாறு செய்தார்’ என எவரோ எழுதியது ‘நான் இவ்வாறு செய்தேன்’ என்றாயிற்று. இதிற் சூழ்ச்சியொன்றுமில்லை. அக்காலத்து வரலாறு எழுதுவோர் பலரும் கைக்கொண்ட வழக்கமே அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பி. எச். றொபேட்ஸ் அதனைப் பதிப்பித்துத் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றைக் கையாண்டோர் அந்தத் தன்மை வினைமுற்றுக்களை முழுமையாக நம்பினர். டீன் ஜெசி என்னும் ஆவணக்காப்பாளர் 1970 களிலே கையெழுத்துப் பிரதிகளை ஒப்புநோக்கி, எந்தப் பகுதி யாருடைய கை என்பதை விளக்கிய பின்னரே இது பரவலாக அறியப்பட்டது.

கிண்டர்ஹுக் பற்றிய கூற்று எங்கிருந்து வந்தது? ஸ்மித்தின் செயலாளரான வில்லியம் கிளேற்றனின் சொந்த நாட்குறிப்பில், 1843 மே 1 ஆம் திகதிக்குரிய பதிவிலிருந்து. அங்கே மொழிபெயர்த்தவர் படர்க்கையில் இருக்கின்றார். தகடுகளைத் தாம் கண்டதாகவும், தலைவர் ஒரு பகுதியை மொழிபெயர்த்து இன்னவாறு கூறுகின்றார் என்றும் கிளேற்றன் குறித்திருக்கின்றார். ஸ்மித் இறந்து பல ஆண்டுகளின் பின்னர் யாரோ ஒரு தொகுப்பாளர் மேசையிலிருந்து செய்த இலக்கண மாற்றத்தையே, ஸ்மித்தின் ஒப்புதல் வாக்குமூலமென்று நான் மேடையில் நின்று படித்திருக்கின்றேன்.

விசுவாசிகளின் பக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. உலகிலுள்ள நூல்கள் அனைத்தினும் மோர்மன் நூலே மிகத் திருத்தமானது என்று 1841 நவம்பரில் ஸ்மித் சகோதரர்களுக்குச் சொன்னதாக வரும் கூற்று மோர்மன் மறையுரைகளிற் பெரிதும் எடுத்தாளப்படுவது. அதுவும் ‘திருச்சபை வரலாற்றிலே’ தன்மையில் உள்ளது. அதுவும் வில்பர்ட் வூட்றவ் என்பவரது நாட்குறிப்பிலிருந்து இடம் மாற்றப்பட்டது. போற்றுவோரும் தூற்றுவோரும் ஒரே தொகுதிகளிலிருந்தே தத்தமக்கு வேண்டிய ‘நான்’களை எடுத்துக்கொண்டனர்.

இதனை அறிந்ததும் நான் மறுமுனைக்குத் தாவினேன். மேற்கோள் ஸ்மித்துடையதன்று, ஆகவே கிண்டர்ஹுக் கதையே பயனற்றது, அதனை முற்றாக நீக்கிவிடுமாறு மாணவிக்குச் சொல்லவேண்டும் என்று குறிப்பெழுதி வைத்தேன். நல்வேளையாக அக்குறிப்பை உடனே அனுப்பவில்லை. மேலும் படித்தபோது, டொன் பிராட்லி என்னும் ஆய்வாளர் 2011 இல் வெளியிட்ட ஆய்வைக் கண்டேன். 1830 களின் நடுப்பகுதியில் ஸ்மித்தும் அவருடைய துணைவர்களும் எகிப்திய எழுத்துக்களுக்குப் பொருள் கூறுவதாகக் குறிப்பேடொன்றை ஆக்கியிருந்தனர். தகடொன்றில் உள்ள, தோணியைப் போன்ற வடிவினதாகிய எழுத்தை ஒத்த ஓரெழுத்து அக்குறிப்பேட்டில் உண்டு. அதற்கு அங்கே எழுதப்பட்டுள்ள விளக்கமோ பார்வோன் வழியாகக் காமின் மரபில் வந்தமை பற்றியது. ஏறத்தாழக் கிளேற்றன் எழுதிய செய்தியே அது. மேலும், 1843 மே மாதத்தில் நியூயோர்க் செய்தித்தாளொன்றில் மோர்மன் அல்லாத ஒருவர் எழுதிய கடிதம், ஸ்மித் தகடுகளைத் தமது எகிப்திய எழுத்துக்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகக் கூறுகின்றது. ஆகவே கிளேற்றன் பொய்யுரைக்கவில்லை; கேட்டதையே எழுதியிருக்கின்றார். தெய்வ அருளின் துணைகொண்டு செய்த மொழிபெயர்ப்பன்று இது, குறிப்பேட்டை வைத்துக்கொண்டு செய்த ஒப்பீடே என்பது பிராட்லியின் வாதம். அவ்வாதத்தை ஏற்போரும் மறுப்போரும் உளர். என்னைப் பொறுத்தவரை, ஸ்மித் தகடுகளைப் பொருட்படுத்தியதும் அவற்றுக்குப் பொருள் கூற முயன்றதும் இதனால் வலுப்பெறுகின்றன. ‘நான்’ என்ற சொல் மட்டும் வீழ்கின்றது. ஆனால் என் கட்டுரையின் எள்ளல் முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேலேயே நின்றது.

இன்னொன்றையும் கவனித்தேன். தகடுகள் மெய்யானவை என்று நம்பப்பட்ட காலம் முழுவதும், அந்தத் தன்மைக் கூற்றைப் பெருமையுடன் எடுத்துக்காட்டியவர்கள் விசுவாசிகள். பியூகேற்றின் கடிதத்தை அவர்கள் ஒதுக்கினர்; அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களும் வலுவற்றவையல்ல. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து எழுதியது, பகைவருக்கு எழுதியது, தம்மைத் தாமே ஏமாற்றுக்காரர் என்று ஒப்புக்கொள்பவரின் சொல் அது. 1980 இன் சோதனைக்குப் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. கூற்றின் எழுத்தர் யார் என்று நுணுகி ஆராயத் தொடங்கியவர்கள் விசுவாசிகள். ஆராயாது பற்றிக்கொண்டவர்கள் என்னைப் போன்றோர். காலம் பிந்தியதும் காழ்ப்புடையதுமான பியூகேற்றின் கடிதமோ, அமிலத்தைப் பற்றிய அளவில், உண்மையாயிற்று.

இத்தனையும் ஒரு மேற்கோளைப் பற்றியவை. என் கட்டுரையில் மேலும் பதினெட்டு அடிக்குறிப்புக்கள் இருந்தன.

அவற்றுட் சில, 1834 இல் ஒஹாயோ மாநிலத்துப் பெயின்ஸ்வில் நகரில் ஈ. டி. ஹவ் என்னும் செய்தித்தாள் உரிமையாளர் வெளியிட்ட நூலைச் சுட்டின. மோர்மனியத்தின் திரையை விலக்கிக் காட்டுவதாகப் பெயர்சூட்டிக்கொண்ட நூல் அது. ஸ்மித் குடும்பத்தினர் சோம்பேறிகள், புதையல் தேடித் திரிந்தவர்கள் என்றவாறு பல்மைரா, மன்செஸ்ரர் என்னும் ஊர்களின் அயலவர் அளித்த சத்தியக்கூற்றுக்கள் அதில் உள்ளன. பல்மைராவாசிகள் 51 பேர் சேர்ந்து கையொப்பமிட்ட கூற்றொன்றும், மன்செஸ்ரர்வாசிகள் 11 பேரின் கூற்றொன்றும் அவற்றுள் அடங்கும். இவற்றைத் திரட்டியவர் ஹேர்ல்பற் என்பவர். ‘டொக்டர் ஹேர்ல்பற்’ என்று பல நூல்களிற் காணப்படுவதால் நான் அவரை வைத்தியரென்றே எழுதியிருந்தேன். டொக்டர் என்பது அவருடைய பட்டமன்று. பெற்றோர் இட்ட பெயர். அவர் 1833 இல் திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டவர். எதிர்ப்பாளர்களின் பொருளுதவியுடன் இச்சான்றுகளைத் திரட்டச் சென்றவர். வெவ்வேறு மனிதர்களின் கூற்றுக்களில் ஒரேவகைச் சொற்றொடர்கள் மீண்டும் மீண்டும் வருவதனால், பேசுவது அயலவரின் குரலன்று, ஹேர்ல்பற்றின் குரலே என்று றிச்சர்ட் லொயிட் அன்டர்சன் 1970 இல் வாதிட்டார். வினவியவர் ஒரே வினாக்களைக் கேட்டால் விடைகளும் ஒத்திருக்கும், அதுகொண்டு பொருளைத் தள்ளிவிட முடியாது என்று றொஜர் அன்டர்சன் 1990 இல் நூலொன்றிலே மறுத்தார். (இருவரும் ஒரே குடும்பப் பெயரினர் என்பதால் ஒருவரைச் சுட்டி மற்றவரது கருத்தை எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. நான் அதற்குத் தப்பியது இருவரையுமே படிக்காததனால்.) மோர்மன் நூல் சொலமன் ஸ்போல்டிங் என்பவர் எழுதிய புனைகதையிலிருந்து திருடப்பட்டது என்னும் கொள்கையும் ஹவ்வின் நூலாலேயே பரவியது. அப்புனைகதையின் கையெழுத்துப் பிரதி 1884 இல் ஹொனொலுலுவில், ஹவ்வின் செய்தித்தாளைப் பின்னர் பொறுப்பேற்ற ஒருவரின் பழந்தாள்களிடையே கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்தோர் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க ஒற்றுமை இல்லையென்று கண்டனர்.

ஹவ்வின் நூலைப் பற்றி இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம், அதன் ஒரு பக்கத்திலிருந்து பிறந்த கொடிய நிகழ்ச்சியொன்றாகும். வில்லர்ட் சேஸ் என்னும் அயலவரின் கூற்றில், பொன்னேடுகள் இருந்த பெட்டியில் தேரையைப் போன்றதொன்றை ஸ்மித் கண்டாரென்றும், அது மனித உருக்கொண்டு அவரைத் தாக்கியதென்றும் ஒரு செய்தி வருகின்றது. பகைவர் கட்டிய கதையெனப் பலரும் அதை ஒதுக்கியிருந்தனர். 1984 இன் தொடக்கத்தில், மோர்மன் நூலின் அச்சுச் செலவினை ஏற்ற மார்ட்டின் ஹரிஸ் 1830 ஒக்டோபரில் எழுதியதாகக் கூறப்பட்ட கடிதமொன்று 40,000 டொலருக்கு விலைபோயிற்று. அதிலே ஏடுகளைக் காத்துநின்றது ஒரு வெள்ளைச் சலமந்தர். தேரைக்கு நெருங்கிய உறவான நீர்நிலவாழ் உயிரினம் அது. சேஸின் கதைக்கு விசுவாசியொருவரின் வாயிலிருந்தே சுதந்திரமான சான்று கிடைத்துவிட்டதென ஆய்வுலகம் பரபரப்படைந்தது. தாளும் மையும் பழையனவாகவே தோன்றின, வல்லுநரும் குறைகாணவில்லை.

அதனை முதலில் ஐயுற்றவர்களுள் ஒருவர் ஜெரால்ட் டானர். அவர் திருச்சபையை விட்டு விலகி, அதனைக் கண்டிக்கும் வெளியீடுகளையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அக்கடிதம் மெய்யாயின் அவருக்கே பெரும் ஆதாயம். எனினும், கடிதத்தின் செய்திகள் ஹவ்வின் நூலோடு அளவுக்கு மிஞ்சி ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டி, 1984 இலேயே தமது ஐயத்தை அச்சிட்டு வெளியிட்டார். அவர் தரப்பினர் பலருக்கு அது உவப்பாக இருக்கவில்லை. 1985 ஒக்டோபர் 15 ஆம் திகதி சோல்ற் லேக் நகரில் வெடித்த இரு குண்டுகள் இருவரைக் கொன்றன. அவர்களுள் ஸ்ரீவன் கிறிஸ்ரென்சன் அக்கடிதத்தை விலைகொடுத்து வாங்கியவர். மறுநாள் மூன்றாவது குண்டு, கடிதத்தை விற்ற மார்க் ஹொப்மனின் காரிலேயே வெடித்து அவரைக் காயப்படுத்தியது. அவர் விற்ற ஆவணங்களின் மையை நுண்காட்டியினூடு நோக்கியபோது, செயற்கையாகப் பழமையூட்டியதால் எழுந்த வெடிப்புக்கள் முதலைத்தோல்போலத் தோன்றின. 1987 ஜனவரியில் அவர் கொலைகளையும் மோசடியையும் ஒப்புக்கொண்டார். பழைய நூல்களின் வெற்றுத்தாள்களை வெட்டியெடுத்து, தாமே மை காய்ச்சி எழுதிய கடிதங்கள் அவை. அகப்பட்டுவிடுவோமென்ற அச்சமே குண்டு வைக்கத் தூண்டியது.

சலமந்தர் சேஸின் தேரையோடு ஒத்துப்போனதிற் புதுமையில்லை. தேரையைப் பார்த்தே அது ஆக்கப்பட்டது. என் மாணவியின் 327 என் 327 ஓடு ஒத்துப்போனது எவ்வாறோ அவ்வாறே. ஆனால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம், புதிய கடிதம் பழைய கூற்றினால் நம்பகம் பெற்றது. பழைய கூற்று புதிய கடிதத்தால் நம்பகம் பெற்றது. அக்காலத்தில் அதனை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் நூலகத் தட்டுகளில் இன்றும் இருக்கின்றன. ஆண்டைப் பாராது எடுத்தாள்வோர் இனியும் இருப்பர்.

மற்றோர் அடிக்குறிப்பு ஸ்மித்தின் மனைவி எம்மாவின் நேர்காணல் பற்றியது. 1879 பெப்ரவரியில், மூப்படைந்திருந்த எம்மாவை அவருடைய மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித் வினவி எழுதினார். ஏப்ரலில் அவர் இறந்தார். ஒக்டோபரில் அது அச்சாயிற்று. கணவர் தொப்பியினுள்ளே கல்லொன்றை இட்டு, முகத்தை அதனுட் புதைத்துக்கொண்டு, மணிக்கணக்காக மோர்மன் நூலைச் சொல்லத் தாம் எழுதியதாக எம்மா கூறுகின்றார். அதே நேர்காணலிலே, தம் கணவருக்குத் தம்மைத் தவிர வேறு மனைவியர் இருந்ததில்லை என்றும் உறுதியாகக் கூறுகின்றார். முன்னதை நான் நேரிற் கண்டவரின் சான்றாக எடுத்துக்கொண்டேன், பின்னதைச் சொல்லவேயில்லை. பன்மனைவியர் இருந்தமைக்கு வேறு சான்றுகள் ஏராளம். 2014 இல் யூற்றாவிலுள்ள திருச்சபையே அதனை விரிவாக ஒப்புக்கொண்டது. வினவிய மகனோ பன்மனைவியத்தை மறுத்து நின்ற பிரிவின் தலைவர். ஒரே பெண், ஒரே அமர்வு, ஒரே எழுத்தர். ஒரு விடயத்தில் நம்பத்தக்கவராகவும் மற்றதில் நம்பத்தகாதவராகவும் அவரை நான் எதன் அடிப்படையில் வகுத்தேன்? கல்லும் தொப்பியும் பற்றி டேவிட் விற்மர் போன்ற பிறரும் தனித்தனியே கூறியுள்ளனர் என்று இப்போது என்னால் விடை கூறமுடிகின்றது. அந்தக் கல்லின் நிழற்படத்தைத் திருச்சபை 2015 இல் வெளியிட்டமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஆனால் கட்டுரை எழுதிய நாளில் என்னிடம் அவ்விடை இருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததை எடுத்தேன், அவ்வளவே.

பதினெட்டனுள் என்னை முகஞ்சுளிக்க வைக்காத ஒன்றும் இருந்தது. 1826 இல் ஸ்மித் புதையல் காட்டுவதாகக் கூறிய குற்றச்சாட்டில் நியூயோர்க் மாநிலத்துப் பெயின்பிரிட்ஜில் நீதவான் முன் நிறுத்தப்பட்டார் என்னும் செய்தி அது. இதன் பதிவு 1873 இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. மூலத்தாள்களோ காணாமற் போயின. எனவே அதனைப் புனைவெனக் கூறியவர் பலர். 1971 இல் நோர்விச் என்னும் ஊரிலிருந்த பழந்தாட் பெட்டிகளிடையே நீதவான் அல்பேட் நீலியின் கட்டணப் பட்டியல் கிடைத்தது. 1826 மார்ச் 20. ‘கண்ணாடி பார்ப்பவராகிய’ ஜோசப் ஸ்மித். விசாரணைக் கட்டணம் 2 டொலர் 68 சதம். கண்டெடுத்தவர் வெஸ்லி வோல்ற்றர்ஸ் என்னும் பிரெஸ்பிற்றேரியன் போதகர், மோர்மனியத்தின் கண்டனகாரர். ஆர்வமிகுதியால் அவற்றை அங்கிருந்து அகற்றி யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றமையால், இடையில் என்ன நிகழ்ந்ததோ என்று கேட்பதற்கு எதிர்த்தரப்பினருக்கு அவரே வாய்ப்பளித்தார். எனினும் அந்தச் சிறு பட்டியல் எனக்குப் பிடித்தமானது. அதனை எழுதியவருக்கு அந்த இளைஞன் பின்னாளில் என்ன ஆவான் என்பது தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது 2 டொலர் 68 சதம் மட்டுமே. ஆனால் அதிலே தீர்ப்பு எதுவும் இல்லை. ‘குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்’ என்று நான் எழுதியிருந்ததை அந்தப் பட்டியல் எவ்விடத்தும் தாங்கவில்லை. ஆகவே அதனையும் திருத்த நேர்ந்தது.

இன்று இவற்றைச் சரிபார்ப்பது முன்போல அரிதன்று. ஸ்மித்தின் ஆவணங்களைத் திருச்சபையின் வரலாற்றுத் திணைக்களம் 2008 முதல் 2023 வரை 27 தொகுதிகளாகப் பதிப்பித்துள்ளது. கையெழுத்துப் பிரதிகளின் படங்களை யாவரும் இருந்த இடத்திலிருந்தே காணலாம். நான் கட்டுரை எழுதிய காலத்திலும் அவற்றுட் பெரும்பாலானவை கைக்கெட்டும் நிலையிலேயே இருந்தன. நூல் கிடைக்கவில்லை என்ற வழக்கமான சாட்டினை இவ்விடயத்தில் என்னாற் சொல்ல இயலாது.

மாணவியை அழைத்து, 327 எங்கிருந்து வந்தது என்று வினவினேன். அவர் சற்றே தயங்கினார்.

“சேரின்ரை கட்டுரையிலை இருந்துதான் எடுத்தனான்” என்றார்.

என் கட்டுரையின் பெயர் ஏன் அடிக்குறிப்பில் இல்லை என்று கேட்க வாயெடுத்து, கேட்காது விட்டேன். அதே குற்றத்தை அவருக்கு முன்னரே செய்து காட்டியவன் நான். நடந்தவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னேன். இடையிடையே குறிப்பெடுத்துக்கொண்டார். பின்பு அவர் கேட்ட கேள்வி நேரானது: “அப்ப, அந்த இடத்திலை நான் என்ன எழுதிறது?”

இருவரும் அமர்ந்து எழுதினோம். வில்லியம் கிளேற்றனின் நாட்குறிப்பு, 1843 மே 1. அது படர்க்கையில் உள்ளதென்பது. ஸ்மித் இறந்த பின்னர் தொகுப்பாளர்களால் தன்மைக்கு மாற்றப்பட்டதென்பது. அச்சில் வந்தது தொகுதி 5, பக்கம் 372 இல் என்பது. கிளேற்றன் கூறியதற்கு எகிப்திய எழுத்துக் குறிப்பேடு தரும் ஆதரவு. இவ்வளவும் எழுதி முடித்தபின், “சேரின்ரை பேரையும் போடவோ?” என்று கேட்டார்.

“போடும்” என்றேன். “327 என்று பிழையாகக் காட்டியவர் என்றும் போடும்.”

அடிக்குறிப்பு ஏழு வரிக்கு நீண்டது. அந்தப் பக்கத்தில் மேலேயிருந்த வாசகம் ஐந்து வரியே. சொல்லெல்லை கடந்துவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். அடிக்குறிப்புக்கள் சொற்கணக்கிற் சேரா என்று சொல்லி அனுப்பிவிட்டு, என் கட்டுரையின் ஆறாவது அடிக்குறிப்பை எடுத்தேன்.